நின்றவனுக்கும் கூலி

தம்பி,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க இன்றைக்குக் கை வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. அதற்கு முன்னால் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டு இடம் விடமாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்துக்குப் பிறகு இன்றைக்குச் செவ்வாய். நாலு நாளாகியும் ஆறவில்லை. நேரில் சொல்லலாம் என்றால் நீ காம்பாரில் தியானத்தில் இருக்கிறாய். இங்கே இருந்தாலும் நேரில் சொல்லியிருக்க மாட்டேன். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று பதில் வைத்திருப்பாய், படித்தவன் அல்லவா. காகிதத்தோடு அப்படிக் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து கடைசிவரை படி. உன்னோடு அங்கே தங்கியிருக்கிறவர்கள் வாங்கிப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீ செய்ததும் பதினெட்டுப் பேர் முன்னால்தான்.

வருகிற ஞாயிறு உனக்குக் குருத்துவ அபிஷேகம். அங்கியை உன் தோளில் போட்டுவிட அப்பாதான் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறாய். போன மாதம் அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ரப்பர் தோட்டத்துப் பள்ளி வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கூரைக்குக் கீழே நின்று பிரசங்கம் செய்த அரைகுறை உபதேசியார், அவனுடைய மகன் அமெரிக்காவில் படித்துப் போதகராக வருகிறான் என்றால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? ஆனால் ஞாயிறுக்கு முன்னால் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. பாக்கியத்தின் வீட்டுக்குப் போக வேண்டும். போய், வெள்ளிக்கிழமை நீ பாதியில் நிறுத்திய பேச்சை அவள் வாயால் முழுசாகக் கேட்க வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ என்ன செய்தாய் என்பதே உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன். உன் கல்லூரிப் பேராசிரியர், அந்த வெள்ளைக்காரர், நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சனங்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நீ நின்றுகொண்டு பேசினாய். நன்றாகத்தான் பேசினாய், இல்லை என்று சொல்லவில்லை. வேதத்தை வெள்ளைக்காரன் கண்ணால் மட்டும் படித்தது போதும் என்றாய். ஆப்பிரிக்காவில் எப்படிப் படிக்கிறார்கள் என்று சொன்னாய். தென்னமெரிக்காவில் பண்ணைக் கூலிகள் மரத்தடியில் உட்கார்ந்து வசனத்துக்கு அவர்களே அர்த்தம் சொல்கிறார்கள் என்றாய். அதற்கு உதாரணமாகத் திராட்சத்தோட்டத்து உவமையை எடுத்தாய். விடியற்காலையில் வேலைக்கு எடுத்த ஆளுக்கும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது எடுத்த ஆளுக்கும் முதலாளி ஒரே கூலி கொடுத்தானே, அந்தக் கதை. அதைக் கேட்டதும் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த பாக்கியம் நிமிர்ந்தாள். நான் பார்த்தேன்.

"தம்பி, அந்த ஊரு ஆளுங்களுக்கும் பெரட்டு உண்டா?" என்று கேட்டாள், தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிடுவதைச் சொல்லி.

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு அதைப் பேராசிரியருக்கு மொழிபெயர்த்துச் சொன்னாய், ஏதோ குழந்தை மழலை பேசியது போல. அவள் விடவில்லை. "உண்டுன்னா அவங்களுக்குத் தெரியும் தம்பி. அந்தக் கதையிலே கடைசியா வந்தவன் இருக்கானே, அவன் என்னன்னா" என்று ஆரம்பித்தாள். நீ போக்குவரத்துப் போலீஸ் மாதிரிக் கையைக் காட்டினாய். "அக்கா, கேள்வியெல்லாம் கடைசியிலே லா. நான் முடிச்சிக்கிறேன்" என்றாய். நீ முடித்தாய். ஜெபம் செய்தாய். ஆமென் சொன்னாய். கேள்வி நேரம் வரவே இல்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் அந்தப் பேராசிரியர் உன்னிடம் கேட்டார், அந்தப் பெண் என்ன சொல்ல வந்தாள் என்று. கேட்டவர் அந்த வெள்ளைக்காரர், நீ இல்லை. நீ என்ன சொன்னாய்? இவர்கள் எளிய மக்கள், வேதத்தைப் படிக்கப் பயிற்சி இல்லாதவர்கள், எதையும் தங்கள் வாழ்க்கையோடு அப்படியே சேர்த்துக்கொள்வார்கள் என்று இங்கிலீஷில் சொன்னாய். உனக்கு இரண்டடி தள்ளி அவள் தட்டில் கோப்பைகளோடு நின்றிருந்தாள். டாக்டர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே பன்னிரண்டு வருஷம் கிளினிக்கில் தரை துடைத்தவள், தம்பி. உன் இங்கிலீஷ் அவளுக்கு நன்றாகவே புரியும். தட்டை மேசைமேல் வைத்தாள். அடுக்களைக்குப் போய் அத்தனை கோப்பையையும் கழுவிக் கவிழ்த்தாள். உன் அம்மாவிடம், "வாரேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எல்லாரும் போன பிறகு உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் எப்போதும் உன் பக்கம் பேசுகிறவள், உனக்கே தெரியும். அன்றைக்கு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "மூணு மாசம் கெஞ்சிக் கூட்டியாந்தேன் அவளை. பாசார்ல பாக்குறப்பல்லாம் கையைப் புடிச்சிக் கெஞ்சினேன். பதினாறு வருசமா சபைப் பக்கமே வராதவ. உங்க புள்ளைக்கு வாயைப் படிக்க வச்சோம், காதைப் படிக்க வைக்கலை" என்றாள். உங்க புள்ளை என்றாள், கவனித்தாயா? கோபம் வந்தால் நீ என் பிள்ளை. இந்த விஷயத்தில் அது சரிதான். நீ என் பிள்ளையேதான். பாக்கியத்தின் வாயை முதன்முதலில் அடைத்தவன் நான்.

உனக்கு அப்போது பத்து வயது. விடுதியில் தங்கி ஈப்போவில் படித்துக்கொண்டிருந்தாய், அதனால் தெரிந்திருக்காது. எழுபதாம் வருஷம். குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. அட்டை வைத்திருந்தவர்களுக்கு இனிமேல் பெர்மிட் இல்லாமல் வேலை கிடையாது என்று சட்டம் வந்த நேரம். பாக்கியத்துக்கு நீல ஐ.சி. இருந்தது. அவள் புருஷன் ஏசடியானுக்குச் சிவப்பு. மூன்று வயதில் கப்பலில் வந்து இறங்கியவன், இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதித்த ஞாபகம் இல்லாதவன், ஆனால் காகிதம் எடுக்கத் தெரியாத தகப்பனுக்குப் பிறந்தவன். இருபது வருஷம் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டியவன். ஒருநாள் ஆள்பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள்.

பெரட்டு உனக்கு நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவனுக்கு நினைவுபடுத்துகிறேன். விடிவதற்கு முன்னால் ஆபீசுக்கு எதிரே களத்தில் எல்லாரும் வந்து நிற்க வேண்டும். கணக்கெழுதுகிற கிராணி பெயர் கூப்பிடுவார். பெயர் வந்தவர்கள் வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். பெயர் வராதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. ஏசடியான் தினமும் வந்தான். கத்தியைத் தீட்டி, தலையில் துண்டைக் கட்டி, விளக்கையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். பாக்கியம் பெயரைக் கூப்பிடுவார்கள், அவள் போவாள். அவன் பெயரைக் கூப்பிடமாட்டார்கள், அவன் நிற்பான். எல்லாரும் போய்க் களம் காலியான பிறகும் நிற்பான். யாராவது ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்து ஆள் குறைந்தால் கூப்பிடமாட்டார்களா என்று ஒரு எண்ணம். மத்தியானம் பால் நிறுக்கிற நேரத்துக்கு அவள் திரும்பி வரும்போதும் அங்கேயேதான் இருப்பான். லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகள் விளையாட்டுக்கு அவனைப் போல் நின்று காட்டும் அளவுக்கு ஆகிவிட்டது.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்குப் பிரசங்க முறை. மிஷன் அனுப்புகிற தட்டச்சுக் குறிப்புகள் இருக்கும், அதைப் படித்துத்தான் நாங்கள் பேசுவோம். அந்த வாரத்துக் குறிப்பு இதே திராட்சத்தோட்டம். விடியலில் வந்தவர்கள் சிறுவயது முதல் கர்த்தரைச் சேவித்தவர்கள், கடைசியில் வந்தவர்கள் வாழ்க்கை முழுவதும் சோம்பித் திரிந்து சாகும் தறுவாயில் மனம் திரும்பினவர்கள், அந்தச் சோம்பேறிகளுக்கும் தேவன் கிருபை காட்டுகிறார் என்று எழுதியிருந்தது. நான் அதை இன்னும் கொஞ்சம் மசாலா சேர்த்துப் பேசினேன். பொழுதெல்லாம் கைகட்டி நிற்கிற சோம்பேறிகளே என்று குரலை உயர்த்தினேன். சபையில் ஆண்கள் பக்கம் இரண்டாவது வரிசைப் பாயில் ஏசடியான் உட்கார்ந்திருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவனை நினைத்துச் சொல்லவில்லை. அவனை நினைக்கவே இல்லை, அதுதான் என் பாவம்.

பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியம் எழுந்துவிட்டாள். பிரசங்கத்தின் நடுவே பெண்பிள்ளை எழுந்து பேசுவதை அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததில்லை. "வாத்தியாரய்யா, கோவிச்சுக்காதீங்க. அவங்க சோம்பேறி இல்லைங்க. அந்தக் கதையிலேயே வருதே, ஏன் நிக்கிறீங்கன்னு கேட்டதுக்கு, எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடலைன்னு சொல்றாங்களே. காலையிலேருந்து நின்னிருக்காங்க. பேரு வரலை. அது அவங்க தப்பா? அப்புறம் அந்த மொதலாளி" என்று ஏதோ மேலே சொல்லப் போனாள். நான் புத்தகத்தை மூடி மேடைமேல் தட்டினேன். "உக்காரு பாக்கியம். நீ சொல்றது உலகக் காரியம். இது ஆவிக்குரிய காரியம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே" என்றேன். அவள் உட்கார்ந்தாள். ஏசடியான் எழுந்து வெளியே போனான், தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

மறுநாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. அவமானப்படுத்தியவன் வீட்டு வாசலுக்கே வந்து நின்றான், ஏனென்றால் எழுதத் தெரிந்தவன் நான்தான் இருந்தேன். பெர்மிட்டுக்கான விண்ணப்பப் பாரம் கையில் வைத்திருந்தான். அதோடு வைக்க இங்கிலீஷில் ஒரு கடிதம் வேண்டும், இத்தனை வருஷமாக இங்கே வேலை செய்தவன், நல்லவன் என்று பொறுப்புள்ள ஒருவர் எழுதித் தரவேண்டும் என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சபைக் காரியத்தில் இருக்கிறவன் இதிலெல்லாம் தலையிடக் கூடாது, கிராணியிடம் போ என்றேன். ஆவிக்குரிய காரியமாம்! மானேஜருக்குப் பிடிக்காத காகிதத்தில் என் கையெழுத்து இருந்தால் பள்ளிக்கூட வேலை போகும், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள், உன் படிப்பு நிற்கும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு வேத வசனத்தால் சட்டை தைத்துப் போட்டேன். நான் எழுதியிருந்தால் பெர்மிட் கிடைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன். எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எழுதியிருக்கலாம். ஒரு பக்கம். அரைமணி நேர வேலை.

நாலு மாதம் கழித்து அவன் பினாங்கில் கப்பல் ஏறினான். சொந்த ஊருக்குப் போகிறான் என்று எல்லாரும் சொன்னார்கள். அங்கே அவனுக்கு ஒரு நாதியும் கிடையாது. போய்க் காலூன்றிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிப் போனான். இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது கடிதம் வேறு கையெழுத்தில் வந்தது, காய்ச்சலில் போய்விட்டான் என்று. அதற்குப் பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், லயம் காலியானது, நாம் குனோங் ராபாட்டுக்கு வந்தோம். அவளும் இரண்டு பிள்ளைகளோடு இங்கேயே வந்து ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருக்கிறாள் என்று தெரியும். வழியில் பார்த்தால் தலையாட்டுவோம். சபைக்கு மட்டும் அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு முகம் ஏது?

இப்போது தெரிகிறதா நான் ஏன் கொதிக்கிறேன் என்று? நான் முட்டாள், தம்பி. எனக்குக் கிடைத்தது தட்டச்சுக் குறிப்பு நாலு பக்கம், அதைத் தாண்டி யோசிக்கப் பயம். உனக்கு என்ன கேடு? ஏழைகள் எப்படி வேதத்தைப் படிக்கிறார்கள் என்று முந்நூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவன் நீ! அதை அட்டை போட்டு எனக்கு அனுப்பினாய், வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். ஆப்பிரிக்காக்காரன் எப்படிப் படிக்கிறான் என்று நாற்பது நிமிஷம் பேச முடிந்தது, அடுத்த தெருக்காரி எப்படிப் படிக்கிறாள் என்று இரண்டு நிமிஷம் கேட்க முடியவில்லை. தென்னமெரிக்காக் கூலி சொன்னால் இறையியல், தோட்டக்காட்டுக் கூலி சொன்னால் அறியாமையா? அவன் சொன்னதை யாரோ இங்கிலீஷில் புத்தகமாகப் போட்டுவிட்டான், இவள் சொன்னதை யாரும் போடவில்லை, அவ்வளவுதானே வித்தியாசம்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் அப்பா சொல்லும்போதெல்லாம் படிக்காதவர் பொறாமையில் சொல்கிறார் என்று நினைப்பேன். வெள்ளிக்கிழமை அந்தச் சுரைக்காயை நம் வீட்டுக் கூடத்திலேயே பார்த்துவிட்டேன்.

அந்தக் குறிப்புகளை எழுதிய மிஷனரியை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனுஷர். காய்ச்சல்காரர்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். ஆனால் அவர் தோட்டத்துக்கு வந்தால் தங்குவது மேட்டிலிருக்கிற துரை பங்களாவில். அங்கிருந்து பார்த்தால் பெரட்டுக் களம் தெரியும், நிற்கிறவன் முகம் தெரியாது. அவர் கதையைப் படித்தபோது முதலாளிக்குப் பக்கத்தில் நின்று படித்தார். முதலாளி எவ்வளவு தாராளம் என்று அவருக்குத் தெரிந்தது, அதுவும் உண்மைதான். பாக்கியம் களத்தில் நின்று படித்தாள். அவர் கண்ணுக்குப் படாத ஒன்று அவள் கண்ணுக்குப் பட்டது. நான் களத்தில் பிறந்தவன், மேட்டிலிருந்து எழுதி வந்ததை வாங்கி வாசித்தேன். எங்கள் இரண்டு பேரிலும் யார் பெரிய குருடன், நீயே சொல்.

தமிழனுக்கு மட்டும்தான் தெரியும் என்றும் நினைக்காதே. இரும்புக்கடையில் கணக்கு எழுதப் போனேனே, அந்தக் கடை முதலாளி லகாட்டில் பிறந்த சீனர், அவரும் கிறிஸ்தவர். ஒருநாள் மழைக்கு வாடிக்கை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, மணல்மேல் வீடு கட்டிய புத்தியில்லாதவனைப் பற்றி நான் ஏதோ பெரிதாக அளந்துகொண்டிருந்தேன். அவர் தன் பாதித் தமிழில் மறித்தார். "வாத்தியார், அந்த ஆளு போடோ இல்லே லா. எங்க அப்பாகூட மணல்லதான் வூடு கட்டுனாரு. ஈயம் தோண்டின எடம், எல்லாம் மணல். நல்ல நிலம் யாரு குடுப்பா?" என்றார். ஒவ்வொரு பெருமழைக்கும் அவர்கள் வீட்டு மூலை ஒன்று இறங்குமாம், தகப்பனும் பிள்ளைகளுமாகப் பலகை வைத்துத் தூக்குவார்களாம். நாற்பது வருஷமாக அந்த வசனத்தைப் பிரசங்கித்தவன் நான். அவனுக்கு வேறு நிலம் கிடைத்ததா என்று ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர் சொன்னதால் உவமை பொய்யாகிவிடவில்லை. கன்மலைமேல்தான் கட்ட வேண்டும். ஆனால் மணலில் இருக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிற பிரசங்கத்தை அதன் பிறகு என்னால் செய்ய முடியவில்லை.

படிப்பு வேண்டாம் என்று சொல்கிறேன் என நினைத்துக்கொள்ளாதே. உன் கிரேக்கமும் எபிரேயமும் வேண்டும். பாக்கியம் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் நான் சொல்லவில்லை. அவள் தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல், அதற்குத்தான் படித்திருக்கிறாய். ஆனால் கேட்டுவிட்டுச் சொல்! அதுவரை நீ கற்றுக்கொண்டு வந்த இறையியலில் ஒரு ஓட்டை இருக்கிறது, அவளும் அந்த லகாட் சீனரும் உட்கார வேண்டிய இடத்தில். அந்த ஓட்டையோடு நீ அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றால் எனக்கு அது பொறுக்காது.

நேற்றுச் சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. பின்னறை வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன வாத்தியாரய்யா, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன் பாக்கியம். என் மகனுக்காக."

"மகனுக்காகவா?"

"எனக்காகவும்தான்" என்றேன்.

அவள் நெத்திலியை நிறுத்தவில்லை. "மன்னிச்சிட்டேன்னு சொன்னா மனசு லேசாயி எந்திரிச்சுப் போயிடுவீங்க. உக்காருங்க. நான் சொல்ல வந்ததை முதல்ல முடிச்சிக்கிறேன். ரெண்டு தடவை பாதியிலேயே நின்னு போச்சு" என்றாள். படியில் உட்கார்ந்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேலை செஞ்சவனுக்கு உடம்பு வலிச்சது, சரி. ஆனா காலையிலேயே பேரு வந்துடுச்சு, அன்னிக்குச் சோறு உண்டுன்னு தெரிஞ்சு நிம்மதியா வெட்டுனான். நின்னவனுக்கு அந்த நிம்மதி உண்டா? வூட்டுக்கு எந்த மொகத்தோட போவேன்னு பொழுதெல்லாம் நெஞ்சு வெந்துகிட்டு நின்னான். வெட்டுறதைவிட நிக்கிறது சூசா லா, அதான் கஷ்டம் வாத்தியாரய்யா. எங்க வூட்டுக்காரரு சாயங்காலம் வந்து விழுவாரு பாருங்க, ரெண்டாளு வேலை செஞ்ச மாதிரி. அந்த மொதலாளிக்கு அது தெரிஞ்சிருக்கு. நின்னதுக்கும் சேத்துக் கூலி குடுத்தாரு. எல்லாரும் அவரு தருமம் பண்ணாருன்னு சொல்றீங்க. தருமம் இல்லைங்க அது. அது நின்னவனோட கூலி."

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "இன்னொண்ணும் இருக்கு. அவரு எத்தனை தடவை வெளியே வந்து பாத்தாரு! காலையிலே ஆள் எடுத்தாச்சு, பங்களாவுக்குப் போயிப் படுத்திருக்கலாம். பொழுது சாயறப்போ மறுபடியும் வந்து, இன்னும் யாராச்சும் நிக்கிறாங்களான்னு பாத்தாரே. எந்தத் தொரை அப்படி வந்து பாத்தான்? எந்தக் கிராணி பாத்தான்? சாமின்னா அப்படி வந்து பாக்குறவருதான்னு சொல்ல வந்தேன். அதைச் சொன்னா எங்க வூட்டுக்காரருக்கு ஒரு ஆறுதலா இருக்கும்னுதான் அன்னிக்கு எந்திரிச்சேன். நீங்க உக்காருன்னுட்டீங்க."

பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க பள்ளிக்கூடம் போற வழி அந்தக் களம்தானே. தினம் அவரைத் தாண்டித்தானே சைக்கிள்ல போனீங்க. ஒரு நாளாச்சும் எறங்கி, ஏம்ப்பா நிக்கிறேன்னு கேட்டீங்களா?"

"கேக்கலை" என்றேன். "இப்பவாச்சும் வந்தேன், பாக்கியம்."

"வந்தீங்க. பொழுது சாஞ்சு வந்தாலும் வந்தீங்க, நான் தப்பு சொல்லலை" என்றாள். "நிக்கிறதுக்குத்தான் அவரு இல்லை."

தம்பி, அந்தப் படியில் உட்கார்ந்து நான் அழுதேன். அறுபது வயதுக் கிழவன், வாத்தியார், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். மன்னித்தேன் என்று கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

எனக்கு நேரம் தப்பிவிட்டது. உனக்குத் தப்பவில்லை. அவள் இருக்கிறாள். நாலு மணிக்குக் கிளினிக் வேலை முடிந்து, ஐந்து மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். காம்பாரிலிருந்து பஸ் இருக்கிறது. வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதே, குறிப்பு எழுத நோட்டும் வேண்டாம். நான் எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு, அப்பா சொல்லிவிட்டார், எனக்குத் தெரியும் அக்கா என்று தப்பித்துவிடாதே. அவள் சொல்ல வேண்டும், நீ கேட்க வேண்டும். அவள் திட்டினால் அதையும் கேள். அவள் பேச மறுத்தால், மறுநாள் மறுபடியும் போ.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருவேன். உன் அம்மா துவைத்து வைத்திருக்கிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவேன். நீ அவளைப் போய்ப் பார்த்திருந்தால் உள்ளே வந்து அங்கியை உன் தோளில் நானே போடுகிறேன். போகாமல் வந்திருந்தால் உள்ளே வரமாட்டேன். கோவில் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்பேன். ஆராதனை ஆரம்பித்தாலும் நிற்பேன், முடிந்தாலும் நிற்பேன். ஏன் நிற்கிறீர்கள் அப்பா என்று நீ இறங்கி வந்து கேட்கிறவரைக்கும் நிற்பேன்.

உன் அப்பா